கூடாரத்துக் கலெக்டர் தாமஸ் மன்றோ



சந்திப்பு மலருக்கு நம் வட்டாரத்தோடு சம்பந்தப்பட்ட பெரிய மனிதர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தாருங்கள் என்று சங்கச் செயலாளர் கேட்டார். தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியைப் பற்றிப் பலரும் எழுதியாகி விட்டது. வேறு யாரை எழுதலாம் என்று யோசித்தபடி பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது, அடியிலிருந்து என் என்.சி.சி. பெல்ட் வந்தது. பித்தளை பக்கிள் பச்சை பிடித்துப் போயிருந்தது.

அந்தப் பெல்ட்டைப் பார்த்ததும் என்னென்னவோ ஞாபகம். சனிக்கிழமை பரேடுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரியே கஞ்சி போட்டு, தலையணைக்கு அடியில் மடித்து வைத்த காக்கிச் சட்டை. ஒரே டப்பா பாலிஷில் ஆறு பேர் பூட்ஸ் தேய்த்தது. கே.ஆர்.பி. அணைக்கரை முகாமில் மார்கழிப் பனியில் மூன்று பேருக்கு ஒரு போர்வை. அதில் நடுவில் படுக்க நடந்த சண்டை இருக்கிறதே, அது தனிக் கதை! இன்றைக்கும் நாம் சந்தித்தால் யார் எந்தப் பதவியில் ரிடையர் ஆனார் என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கியது யார் என்றுதான் கேட்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஓசூர் போகும் வழியில் சூளகிரி பக்கம் டீக்கடையில் நின்றேன். ராணுவ லாரிகள் வரிசையாக ஓரம் கட்டி நின்றன. இறங்கிய ஜவான்கள் எல்லோரும் புது மாதிரி உருமறைப்பு உடையில் இருந்தார்கள். பச்சையும் மண் நிறமும் சிறு சிறு கட்டங்களாகக் கலந்த துணி. 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று வெளிக்காட்டப்பட்ட உடை அது. காட்டிலும் பாலையிலும் ஆளைச் சட்டென்று அடையாளம் தெரியாதபடி மறைக்க வேண்டும் என்று யோசித்துச் செய்த டிசைன். எனக்குப் பிடித்தது இன்னொரு காட்சி. ஒருவர் வாங்கிய பன்னை நாலாகப் பிய்த்து மற்றவர்களுக்குக் கொடுத்தார். எந்த ஊர்க்காரர்களோ, ஆளுக்கு ஒரு பாஷை. பன்னுக்கு மட்டும் பாஷை தேவைப்படவில்லை.

அப்போதுதான் எனக்கு மன்றோ நினைவுக்கு வந்தார். இருநூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே பாராமகால் சீமையில், மைல் கணக்கில் தெரியும் சிவப்புக் கோட்டுப் போட்ட ஒரு பட்டாளத்துக்காரர். சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் சிலையாக அவரை எல்லோரும் பார்த்திருப்போம். ஆனால் அந்த மனிதர் தன் நல்ல வயதில் ஏழு ஆண்டுகளை நம் பக்கத்தில் கழித்தார் என்பது நம்மிலேயே பலருக்குத் தெரியாது. ஆகவே அவர் வாழ்க்கையை எழுதலாம் என்று துணிந்தேன். குற்றம் குறை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

தாமஸ் மன்றோ 1761 மே 27-ஆம் தேதி ஸ்காட்லாந்து நாட்டு கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தகப்பனார் அலெக்சாண்டர் மன்றோ, அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வியாபாரம் செய்தவர். வசதியான குடும்பம். பையன் படிப்பில் கெட்டி, விளையாட்டிலும் முரடன். சின்ன வயதில் வந்த நோயால் காது கொஞ்சம் மந்தம். அது கடைசி வரைக்கும் தீரவில்லை. டான் குவிக்ஸாட் நாவலை மூல மொழியில் படிக்க வேண்டும் என்பதற்காகவே ஸ்பானிஷ் மொழியைத் தானாகக் கற்றுக்கொண்டான் என்றால் பிடிவாதம் எப்படி என்று பாருங்கள்.

அமெரிக்கக் குடியேற்றங்கள் இங்கிலாந்தை எதிர்த்துக் கிளம்பின. தகப்பனாரின் வியாபாரம் படுத்தது. வீட்டில் நிறையக் குழந்தைகள், கையில் காசு இல்லை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட குடும்பத்துப் பையன்களுக்கு ஒரே வழி கிழக்கிந்தியக் கம்பெனிதான். காலாட்படையில் கேடட் வேலை கிடைத்தது. கப்பல் கூலி கொடுக்கப் பணம் இல்லாததால் வால்போல் என்ற கப்பலில் வேலை செய்துகொண்டே வந்தார். 1780 ஜனவரியில் சென்னைக் கரையில் இறங்கியபோது வயது பதினெட்டு.

வந்தவுடனே நம்ம ஊர் அவருக்கு ஒரு பாடம் கற்பித்தது. பார்த்தால் கும்பிடத் தோன்றும் பெரியவர் ஒருவர் வேலைக்காரராக வந்து சேர்ந்தார். துரை கொண்டுவந்த சீமைத் துணிமணி ஒன்றும் இந்த வெயிலுக்கு ஆகாது, எல்லாவற்றையும் கொடுத்தால் தக்கபடி மாற்றித் தருகிறேன், புதுத் துணிக்குப் பணமும் வேண்டும் என்றார். பையன் நம்பிப் பெட்டியையும் பணத்தையும் கொடுத்தான். பெரியவர் போனவர் போனவர்தான்! உடுத்தியிருந்த ஒரே உடுப்போடு நின்றான் வருங்கால கவர்னர். மாற்றுத் துணி சேர்க்க மாதக் கணக்கில் ஆயிற்று. இதைப் பின்னாளில் அவரே வீட்டுக்குச் சிரித்துக்கொண்டே எழுதினார்.

அதே ஆண்டு ஹைதர் அலி மலை இறங்கிக் கர்நாடகப் பிரதேசத்துக்குள் பாய்ந்தார். காஞ்சிபுரத்தில் நின்ற கம்பெனியின் பெரிய படையில் நம் கேடட்டும் ஒருவர். அதன் தளபதி பெயர் ஹெக்டர் மன்றோ. பெயர் ஒன்றானாலும் ஆள் வேறு. வடக்கிலிருந்து கர்னல் பெய்லியின் சிறு படை அவர்களோடு வந்து சேர வேண்டும். சில மைல் தூரம்தான் பாக்கி. 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி புள்ளலூர் அருகே ஹைதரும் திப்புவும் அந்தப் படையைச் சூழ்ந்துகொண்டு அழித்தார்கள். திப்புவின் ராக்கெட்டுகள் அன்று பெரிய நாசம் செய்தன. பெரிய படை நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. ஹெக்டர் மன்றோ கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைப் பக்கம் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணம் சுற்றுலா போனவர்கள் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்தச் சண்டையின் ஓவியத்தைப் பார்த்திருக்கலாம். நடுவில் சதுரமாக வளைத்துக்கொண்டு நிற்கும் சிவப்புக் கோட்டுக்காரர்கள்தான் பெய்லியின் ஆட்கள்.

கூப்பிடு தூரத்தில் சக சிப்பாய்கள் சாகும்போது போக முடியாமல் நின்ற படையில், பத்தொன்பது வயதில் மன்றோ இருந்தார். இதை நாம் மறக்கக் கூடாது. ஒரு படைக்குச் சோறும் சுமைமாடும் தகவலும் சரியாக இல்லாவிட்டால் வீரம் மட்டும் காப்பாற்றாது என்பது அவருக்கு அன்றே புரிந்திருக்க வேண்டும். பின்னாளில் அவர் செய்த வேலைகளில் பாதி இந்த மூன்றையும் பற்றியவைதான். 1781-இல் சர் அயர் கூட்டின் கீழும், 1783-இல் கடலூரிலும் சண்டை பார்த்தார்.

அந்தக் கால உடுப்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இன்று உடை ஆளை மறைப்பதற்கு. அன்று ஆளைக் காட்டுவதற்கு. துப்பாக்கிப் புகை மூட்டத்தில் நம் ஆள் யார், எதிரி யார் என்று தெரிய வேண்டும், வரிசை கலையக் கூடாது. கம்பெனிப் படைக்குச் சிவப்புக் கோட்டு. திப்புவின் காலாட்படைக்குப் புலி வரி போட்ட உடை. அந்தப் புலி வரி புதரில் ஒளிவதற்காகப் போட்டதல்ல. புலி திப்புவின் சின்னம், பார்த்தவன் பயப்பட வேண்டும். மண்ணோடு மண்ணாகத் தெரிய வேண்டும் என்ற யோசனை மன்றோ இறந்து சுமார் இருபது ஆண்டுக்குப் பிறகு, பெஷாவர் பக்கம் லம்ஸ்டன் என்பவர் திரட்டிய கைட்ஸ் படையில் காக்கியாகத் தொடங்கியது. காக்கி என்றாலே பாரசீகத்தில் புழுதி நிறம் என்று அர்த்தம். நாம் கஞ்சி போட்டு மடித்த சட்டை அந்த வம்சம்தான்.

சிவப்புக் கோட்டு தூரத்திலிருந்து பார்க்க ஜோராகத்தான் இருக்கும். உள்ளே இருந்தவன் பாடு வேறு. ஒன்பது வருஷம் ஆன பிறகு 1789-இல் மன்றோ தன் சகோதரிக்கு எழுதிய கடிதம் பேர் பெற்றது. இந்தியாவில் துரைமார் யானை மேல் போகிறார்கள், பட்டு உடுத்துகிறார்கள், வேலைக்காரர்கள் விசிற மெத்தையில் சாய்ந்து சங்கீதம் கேட்கிறார்கள் என்று அந்தப் பெண் நினைத்திருந்தாள் போல. அண்ணன் நிஜத்தை எழுதினார். முதல் மூன்று வருஷம் அவருக்குத் தலையணை என்று ஒன்று கிடையாது. ஒரு புத்தகம், இல்லாவிட்டால் தோட்டாப் பை. படுக்கை, நாலு குச்சியின் மேல் இழுத்துக் கட்டிய கித்தான். போர்வை, ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய மேல்கோட்டு. குளிர் காலத்தில் அந்தக் கோட்டின் கைகளுக்குள் கால் இரண்டையும் விட்டுக்கொண்டு, கீழ்ப்பகுதியைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொள்வாராம்! பசி, தாகம், களைப்பு, தரித்திரம் இவை என்னவென்று இந்தியாவுக்கு வந்த பிறகே தெரிந்தது என்றும் எழுதினார். சாப்பாடு அரைகுறையாக அரைத்த மாவுக் கஞ்சி. இந்த நிலையிலும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, நொடித்துப் போன பெற்றோருக்கு வீட்டுக்குப் பணம் அனுப்பினார். நம்ம ஊர்ப் பையன்கள் மணியார்டர் அனுப்பிய மாதிரிதான்.

சிப்பாய்களோடும் ஊர் ஜனங்களோடும் பேச வேண்டும் என்று இந்துஸ்தானியும் பாரசீகமும் படித்தார். ஆம்பூரில் கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் கீழ் தகவல் சேகரிக்கும் வேலையில் சேர்ந்தார். மைசூர் ராஜ்யத்தின் எல்லையில் உட்கார்ந்துகொண்டு, சந்தைக்கு வருகிறவன், மாடு ஓட்டிப் போகிறவன் எல்லோரிடமும் பேச்சுக் கொடுத்து நடப்பைத் தெரிந்துகொள்ளும் வேலை. ரீடும் மன்றோவும் குரு சிஷ்யர் போலவும், கூடவே தோழர் போலவும் பல ஆண்டுகள் இருந்தார்கள்.

1790-இல் மூன்றாம் மைசூர் யுத்தம் தொடங்கியது. நம் ஊர்க் கோட்டைகள் எல்லாம் அப்போது சண்டைக் களம். 1791 மார்ச்சில் பெங்களூர்க் கோட்டை விழுந்தது. ஜூலையில் மேஜர் கௌடி ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்தார். கிருஷ்ணகிரி மட்டும் சுலபமாக மடியவில்லை. 1791 நவம்பரில் மாக்ஸ்வெல்லின் படை பேட்டையைப் பிடித்தது, ஆனால் மலைக்கோட்டை மேல் ஏற முயன்று அடிபட்டுத் திரும்பியது. நாம் படித்த காலத்தில் தேர்வு முடிந்த மறுநாள் ஏறி இறங்குவோமே, அதே செங்குத்துப் பாறைதான்! கையில் தண்ணீர்ப் பாட்டில் மட்டும் வைத்திருந்த நமக்கே மூச்சு வாங்கியது. துப்பாக்கியும் ஏணியும் சுமந்து, மேலிருந்து கல்லும் குண்டும் விழ ஏறியவர்களை நினைத்துப் பாருங்கள். காத்து நின்றவர்களையும் நினைக்க வேண்டும். இரண்டு பக்கமும் பெரும்பாலும் இந்த மண்ணின் பிள்ளைகள்தான்.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலும் சேலமும் கம்பெனிக்கு வந்தன. ஓசூர்ப் பக்கம் 1799 வரை திப்புவிடமே இருந்தது. ஆக, அன்றைக்கும் இது எல்லைப் பிரதேசம்தான். இந்தப் புதுச் சீமையை யார் நிர்வாகம் செய்வது? சென்னையில் இருந்த சிவில் உத்தியோகஸ்தர்களுக்கு உள்ளூர் பாஷை தெரியவில்லை என்று கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பட்டாளத்து அதிகாரிகளையே அனுப்பினார். ரீடு தலைவர். அவருக்குக் கீழே கிருஷ்ணகிரியில் கிரஹாம், சேலத்தில் மெக்லியட், தருமபுரியில் மன்றோ. நாலு பேரும் ஒரே முகாமில் படுத்து எழுந்தவர்கள்.

இங்கேதான் சிப்பாயின் சாமான்கள் வேறு வேலைக்கு உதவின. மன்றோ அலுவலகம் கட்டி அதில் உட்காரவில்லை. கூடாரத்தைச் சுருட்டி மாட்டின் மேல் போட்டுக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார். இருபது வயதில் கித்தான் மேல் படுத்துப் பழகியவருக்கு மொரப்பூரும் பென்னாகரமும் என்ன கஷ்டம்! ஒவ்வொரு ஊரிலும் நிலத்தை அளந்து, மண்ணின் தரம் பார்த்து, இடையில் ஜமீன்தாரோ குத்தகைக்காரரோ இல்லாமல் உழுகிறவனோடு நேராகத் தீர்வை பேசுவது முறை. ரீடு தொடங்கி மன்றோ வளர்த்த இந்த முறைக்குத்தான் ரயத்துவாரி என்று பெயர். இன்றும் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி என்றும் பட்டா என்றும் கேட்கிறோமே, அந்த நடைமுறைகள் நிலைபெற்றதில் அந்தக் கூடாரத்துக்கு ஒரு பங்கு உண்டு.

கூடாரத்தில் அவர் நாள் எப்படிக் கழிந்தது என்பதும் கடிதங்களில் இருக்கிறது. விடிந்ததிலிருந்து இருட்டும் வரை தனக்கென்று ஒரு மணி நேரம் இல்லை. கடிதம் எழுதும்போதே சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் தகப்பன் முப்பது வருஷத்துக்கு முன் பட்ட கடனைப் பற்றி நீட்டி முழக்குகிறான். இன்னொருவன் சண்டைக் காலத்தில் ஊரை விட்டு ஓடியிருந்தபோது கூடப்பிறந்தவன் சொத்தை அமுக்கிக்கொண்டான் என்கிறான். மூன்றாமவன் இந்த வருஷம் தீர்வை கட்ட முடியாது என்கிறான். காரணம், அவன் மனைவி செத்துப் போனாள், அவனுடைய நல்ல மாட்டைவிட அவள்தான் அதிகம் உழைத்தாளாம். இதை மன்றோ கொஞ்சம் வேடிக்கையாகத்தான் எழுதினார். படிக்கும் நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்த மூன்றாமவன் துரையின் கூடாரத்துக்குள் வந்து அதைச் சொல்ல முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

உள்ளதை உள்ளபடி சொல்லத்தான் வேண்டும். கூடாரத்தில் உட்கார்ந்து காது கொடுத்தவர் கம்பெனிக்கு வரி வசூலிக்கத்தான் அங்கே உட்கார்ந்தார். யுத்தத்தில் நொந்த சீமையில் தீர்வை லேசாக இல்லை. திப்புவை அரைகுறையாக விட்டுவிட்டார்கள் என்று காரன்வாலிஸின் சமாதானத்தையே குறை சொன்னவர் அவர். அவர் நல்லவராக இருந்ததனால் கம்பெனி ஆட்சி நல்லதாகி விடாது. அதே சமயம், அவர் போன பிறகு 1802 முதல் இந்தச் சீமையை மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டு ஜமீன் முறை கொண்டுவந்தார்களே, அது எப்படித் தோற்றது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்குச் சரியாகும்.

தருமபுரியில் அவர் ஒரு வீடும் தோட்டமும் போட்டார். வீடு வாசல் இல்லாமல் பல வருஷம் சுற்றிய மனிதருக்கு அந்தத் தோட்டத்தின் மேல் உயிர். பாராமகாலை விட்டுப் போக நேர்ந்தபோது பட்ட வருத்தத்தைப் பல காலம் எழுதிக்கொண்டே இருந்தார்.

1799-இல் கடைசி மைசூர் யுத்தம். ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை மார்ச் மாதம் ராயக்கோட்டை வழியாக, கெலமங்கலம் தாண்டி மைசூர் நாட்டுக்குள் போயிற்று. ரீடும் மன்றோவும் பாராமகாலில் தானியமும் மாடுகளும் சேர்த்து அனுப்பும் படையில் இருந்தார்கள். மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு ஓடி ஒளியாமல் கோட்டை வாசலில் தன் சிப்பாய்களோடு சண்டை போட்டு மாண்டார். இரவில் விளக்கு வைத்துத் தேடி, பிணக் குவியலின் நடுவிலிருந்து அவர் உடலை எடுத்தார்கள். எதிரியானாலும் இந்தச் சாவுக்கு முன்னால் எந்தச் சிப்பாயும் தலை குனிய வேண்டியதுதான்.

பிறகு மன்றோவைக் கன்னடக் கடற்கரைச் சீமைக்கு அனுப்பினார்கள். 1800 முதல் 1807 வரை பெல்லாரி, கடப்பை, அனந்தப்பூர்ப் பக்கம் கலெக்டர் வேலை. அங்கே பாளையக்காரர்களை அடக்கியதில் அவர் கை கடுமையாகவே இருந்தது. ஆனால் குடியானவர்களிடையே அவர் பேர் நின்றது. பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பேர் வைக்கும் அளவுக்கு நின்றது. மந்திராலயத்தில் ராகவேந்திரர் அவருக்குக் காட்சி கொடுத்ததாக பக்தர்கள் இன்றும் நம்புகிறார்கள்.

பழைய முகாம் நட்புகளையும் அவர் விடவில்லை. ஆர்தர் வெல்லெஸ்லி, அதாவது பின்னாளைய வெல்லிங்டன் பிரபு, 1803-இல் அசாயேயில் ஜெயித்தபோது ஊரே புகழ்ந்தது. மன்றோவோ, இவ்வளவு ஆட்களைப் பலி கொடுக்காமல் இதைச் செய்திருக்க முடியாதா என்கிற தோரணையில் கேள்வி எழுப்பினார். வெல்லெஸ்லி கோபித்துக்கொள்ளாமல் உட்கார்ந்து விளக்கமாகப் பதில் எழுதினார். முகத்துக்கு நேரே கேட்கிற உரிமை நண்பனுக்குத்தானே உண்டு.

1807-இல் ஊருக்குப் போனவர் 1814-இல் ஜேன் காம்பெல் என்ற பெண்ணை மணந்துகொண்டு திரும்பி வந்தார். 1817-இல் மராட்டியப் போர் வந்தது. ஐம்பத்தாறு வயதில் பிரிகேடியர் ஜெனரலாக மறுபடி வாளை எடுத்தார். கையில் இருந்த முறையான படை கொஞ்சம். உள்ளூர் ஆட்களைத் திரட்டி தார்வார், பாதாமி, பெல்காம், சோலாப்பூர் என்று ஒவ்வொரு கோட்டையாகப் பிடித்தார். ஊர் ஜனங்கள் பகைக்காமல் இருந்ததுதான் அவருடைய பெரிய பலம் என்று சக தளபதிகளே வியந்தார்கள்.

அதே 1817-இல் கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் பிரபுவுக்கு அவர் எழுதிய ஒரு கடிதத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. இந்தியச் சிப்பாய் எவ்வளவு சாமர்த்தியசாலியானாலும் சுபேதாருக்கு மேல் போக முடியாது. அந்தச் சுபேதாரும், நேற்று கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைக்கார எஸ்ஸைனுக்கு எவ்வளவோ கீழே. ஒரு ஜனத்தை இப்படி மேலே வரவிடாமல் வைத்திருந்தால் அந்த ஜனத்தின் மானமே தேய்ந்துவிடும் என்ற கருத்தை மறைக்காமல் எழுதினார். ஒரே கஞ்சியைக் குடித்து, ஒரே குண்டுக்கு நின்ற தோழமை அந்தச் சுபேதார் கோட்டில் வந்து நின்றுவிட்டது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் அந்தக் கோட்டை அவர் அழிக்கவில்லை, அழிக்கும் அதிகாரமும் அவரிடம் இல்லை. கவர்னரான பிறகு, இந்தியாவில் பத்திரிகைச் சுதந்திரம் வந்தால் அது சிப்பாய்கள் மனதையும் கலைக்கும் என்று எதிர்த்ததும் இதே மன்றோதான். மனிதர் அந்த இரண்டு பக்கமும் சேர்ந்தவர். அந்தக் கோடு முழுசாக அழிய 1949 ஜனவரி 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றுதான் குடகுநாட்டு கரியப்பா முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். அந்த நாளைத்தான் ராணுவ தினம் என்று கொண்டாடுகிறோம்.

1820-இல் சர் தாமஸ் மன்றோ சென்னை மாகாண கவர்னரானார். 1824-இல் பர்மா யுத்தம் தொடங்கியது. ரங்கூன் போன படையில் மதராஸ் சிப்பாய்கள் ஏராளம். மழையிலும் காய்ச்சலிலும் அங்கே செத்தவர்கள், சண்டையில் செத்தவர்களைவிட மிக அதிகம். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போக இருந்த கவர்னர், யுத்தம் முடியும் வரை இருந்து அரிசியும் மாடும் ஆட்களும் கப்பல் கப்பலாக அனுப்பினார். காஞ்சிபுரத்தில் பார்த்தது மறக்கவில்லை போலும்.

1826-இல் உடம்பு சரியில்லாத மகனோடு மனைவி இங்கிலாந்து போனார். மன்றோவும் புறப்பட வேண்டியவர்தான். போகுமுன் பழைய சீமைகளை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று 1827 மே மாதம் கிளம்பினார். மறுபடி கூடாரம், மறுபடி பயணம். வழியில் முகாமில் காலரா புகுந்தது. காவலுக்கு வந்த சிப்பாய்களில் சிலர் விழுந்தார்கள். ஜூலை 6-ஆம் தேதி காலை கர்னூல் பக்கத்துப் பத்திகொண்டாவில் கவர்னருக்கும் கண்டது. தொத்து நோய் இருக்கும் இடத்தில் உங்களையெல்லாம் வைத்திருப்பது நியாயமில்லை என்று கூட இருந்தவர்களை வெளியே போகச் சொன்னார். அவர்கள் போகவில்லை. அன்று இரவே உயிர் பிரிந்தது. கூத்தியில் அடக்கம் செய்து, பின்னர் சென்னைக் கோட்டை புனித மேரி ஆலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர் இறந்த பத்திகொண்டாவில் அவர் நினைவாக ஒரு கிணறு வெட்டித் தோப்பு வைத்தார்கள்.

ஜனங்கள் பணம் போட்டு, சிற்பி சாண்ட்ரி செய்த குதிரைச் சிலை 1839-இல் சென்னையில் நிறுவப்பட்டது. அதில் கால் வைக்க அங்கவடி இல்லை. சிற்பி மறந்துவிட்டார், அந்த வெட்கத்தில் உயிரை விட்டார் என்று கதை கட்டுவார்கள். அதெல்லாம் சும்மா. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அவர் செய்த நான்காம் ஜார்ஜ் மன்னர் சிலைக்கும் அங்கவடி கிடையாது. தலையணைக்குத் தோட்டாப் பையும் போர்வைக்கு மேல்கோட்டும் வைத்துக் காலம் தள்ளிய மனிதருக்கு, ஒரு சாமான் குறைவாக இருக்கிற சிலை பொருத்தம்தான் என்று எனக்குத் தோன்றும்.

தோழர்களே, இன்று நம் ஓசூரும் தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் தடத்தின் ஐந்து மையங்களில் ஒன்று. நம் கல்லூரிப் பிள்ளைகள் சிப்காட்டில் இயந்திரப் பாகங்கள் கடைகிறார்கள், சிலர் அந்த உருமறைப்பு உடையையே போட்டுக்கொண்டு எல்லையில் நிற்கிறார்கள். நல்ல துணி வேண்டும், நல்ல பூட்ஸ் வேண்டும், நல்ல லாரி வேண்டும், எல்லாம் வேண்டியதுதான். குளிரில் கிடந்தவனுக்குத்தான் போர்வையின் அருமை தெரியும். அதைத் தெரிந்துகொண்ட ஒருவர் அதிகாரத்தில் உட்கார்ந்தபோது, கூடாரக் கதவைத் திறந்து வைத்தார். அவரைவிடப் பெரிய சுதந்திரத்தில் வாழும் நாம், நாற்காலி கிடைத்த பிறகு எத்தனை கதவைத் திறந்து வைத்தோம் என்று ஒரு நிமிஷம் யோசித்தால், இந்தக் கட்டுரை எழுதியதற்குப் பலன் உண்டு.

சந்திப்பு நாளன்று காலையில் என்.சி.சி. பழைய மாணவர்கள் கொடிக் கம்பத்தருகே கூடுவதாக ஏற்பாடு. நான் அந்தப் பெல்ட்டைத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறேன், இடுப்பில் ஏறுமா என்பது வேறு விஷயம். போர்வையை இழுத்துக்கொண்டு போன ஆசாமியும் தவறாமல் வந்து சேர வேண்டும். நம்மோடு பரேடில் நின்று, இன்று நம்மிடையே இல்லாதவர்களுக்காக ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் தோழமை!